பம்ப்புக்குப் பிறகுதான் ஊர்

புதிய மின்நிலையத்தில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டு ஆப்பரேட்டர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறார். பலகையில் சின்னச் சின்ன விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிகின்றன. எண்ணெய், தண்ணீர், காற்று, பிறகு எஞ்சின், பிறகு ஊர். டம்ளரில் இருக்கும் டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. வேலையை விட்டுப் போன ஆள் ஒருமுறை வந்து பார்க்கட்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். போனேன். எஞ்சின்கள் தின்றது போக மிச்சமிருக்கும் காதுகளால் அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு நின்றேன்.

"தண்ணி விளக்கு எப்ப எரியும்? மோட்டார் ஓடினதும் எரியுமா, தண்ணி வந்ததும் எரியுமா?" என்று கேட்டேன்.

பலகையைப் பொருத்த மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த எஞ்சினியர் சிரித்தார். நல்ல பையன். "குழாய்க்குள்ள ஒரு தகடு இருக்கு சார். தண்ணி அதைத் தள்ளினாத்தான் விளக்கு எரியும். மோட்டார் சும்மா சுத்தினா எரியாது."

சரி. எங்கோ யாரோ உட்கார்ந்து இதையும் யோசித்திருக்கிறார். நிம்மதிதான். ஆனால் நிம்மதியோடு சேர்ந்து ஓர் அசதி வந்து தோளில் உட்கார்ந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு. என் வாழ்க்கையின் நல்ல பாதியை நான் அந்தத் தகடாகத்தான் இருந்து கழித்திருக்கிறேன்.

"அந்தக் காலத்துல எப்படி ஸ்டார்ட் பண்ணீங்கன்னு நம்ம ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கண்ணே" என்று பழைய கூட்டாளிகள் கேட்டார்கள். எழுதுகிறேன். ஐம்பதை எட்டும் முன்பே காது போச்சு என்று டாக்டர் காகிதம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய ஆளுக்கு வேறு என்ன வேலை?

மதராஸில் கப்பல் ஏறி, வாந்தியெடுத்து, போர்ட் பிளேரில் இறங்கி, யாரோ சொல்லி மின்நிலையத்தில் ஹெல்பராகச் சேர்ந்தேன். முதல் வருடங்களில் நான் கற்றதெல்லாம் துடைப்பதுதான். எஞ்சினைத் துடைத்தேன், தரையைத் துடைத்தேன், என் கையைத் துடைத்தேன். மூன்றிலும் எண்ணெய் போகவில்லை. இந்தியும் அந்த எண்ணெய் மாதிரி தானாக ஒட்டிக்கொண்டது. தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், வங்காளி, நாங்கள் எல்லோரும் சேர்ந்து உடைத்துப் பேசிய இந்தி. பயிற்சிக் காலம் என்று சொல்ல இவ்வளவுதான்.

மற்றதெல்லாம் ஹல்தார் பாபு.

எங்கள் ஃபோர்மன். கிழக்கு வங்காளத்தில் வீடு வாசல் விட்டுவிட்டுக் குடியேற்றக் கப்பலில் வந்தவர். வயலுக்கு என்று கொடுத்த நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு எஞ்சினிடம் வந்துவிட்டார். குள்ளமான ஆள். முண்டா பனியன். அதன்மேல், எவ்வளவு புழுக்கமானாலும், பொத்தான் போடாத காக்கிச் சட்டை. அவர் கத்தி நான் கேட்டதில்லை. எஞ்சின் இரைச்சலுக்கு மேல் எல்லோரும் கத்துவோம். அவர் இரைச்சலுக்குக் கீழே பேசுவார். குனிந்து நம் காதோரம் வந்து, ரகசியம் சொல்வதுபோல. நமக்குத் திட்டு விழுகிறது என்பதே பக்கத்து ஆளுக்குத் தெரியாது. அவர் வாயிலிருந்து எப்போதும் பாக்கு வாசனை வரும். அந்த வாசனை நெருங்கினாலே ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்துகொள்வோம்.

எஞ்சினைக் கிளப்புவது அவருக்குப் பூசை மாதிரி. முதலில் எண்ணெய். ஒருவர் கைப்பம்ப்பை அடிக்க வேண்டும். எண்ணெய் பேரிங்குகளுக்குள் போய், மேலே கண்ணாடிக் குழாயில் தெரிய வேண்டும். அடுத்தது தண்ணீர். மேட்டுத் தொட்டியிலிருந்து இறங்கி வந்து, எஞ்சினின் உடம்பைச் சுற்றி ஓடி, மறுபக்கம் ஒரு திறந்த புனலில் விழுந்து, வாய்க்காலில் போகும். பிறகு பெரிய சக்கரத்தைக் கம்பியால் நெம்பிச் சரியான இடத்துக்குத் திருப்புவது. கடைசியில் காற்று. இரும்பு உருளையில் அடைத்து வைத்த காற்றைத் திறந்துவிட்டால் அது பிஸ்டனைத் தள்ளும். எஞ்சின் கனைத்துக்கொண்டு எழுந்திருக்கும். உருளையில் இருக்கும் காற்று ஒரு தடவைக்குப் போதும், கெட்டிக்காரத்தனமாக இருந்தால் இரண்டு தடவைக்கு. அதற்குமேல் வேண்டும் என்றால் கையால் சுற்றுகிற சின்ன கம்ப்ரசரோடு பாதி நாள் மல்லுக்கட்ட வேண்டும்.

ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஆள். ஒவ்வோர் ஆளும் தன் முறை வந்ததும் குரல் கொடுக்க வேண்டும். அங்கேதான் பாபுவின் சட்டம். "திறந்துட்டேன்" என்று சொல்லக் கூடாது. "ஓடுது" என்று சொல்லக் கூடாது. "பானி ஆயா", தண்ணீர் வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அதையும் புனலுக்குக் கீழே கையை நீட்டி, உள்ளங்கையில் தண்ணீர் விழுந்த பிறகுதான் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்தது சேர்த்தி இல்லை. நான் சேர்ந்த புதிதில் வால்வைத் திறந்த சூட்டில் "பானி ஆயா" என்று கூவிவிட்டேன். பாக்கு வாசனை வந்தது. என் வலது கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. கையை அப்படியே என் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் போனார்.  அன்று முழுக்க என்னை எதையும் தொட விடவில்லை.

பிறகு எத்தனையோ வருடம் தண்ணீர்ப் பக்கம் நின்றேன். அப்புறம் என்னைப் பலகைக்கு மாற்றினார்கள். பலகையில் மூன்று கைப்பிடிகள்: பம்ப், ஆஸ்பத்திரி மேடு, பஜார். அதே வரிசையில்தான் போட வேண்டும். காரணம் சின்னக் குழந்தைக்கும் புரியும். ஓடையிலிருந்து தண்ணீரை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றுவது கரண்ட் பம்ப். தொட்டித் தண்ணீர் இல்லாவிட்டால் எஞ்சின் இல்லை. எஞ்சின் இல்லாவிட்டால் பம்ப் இல்லை. பாம்பு தன் வாலைக் கவ்விக்கொண்டு கிடக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு. அது கவ்வியபடி இருக்கும்வரை ஊரில் விளக்கு எரியும்.

இதை யோசித்துத்தான் தொட்டியைக் கட்டியவர்கள் அதில் இரண்டு குழாய் வைத்திருந்தார்கள். இடுப்பு உயரத்தில் ஒன்று, அடியில் ஒன்று. அடிக்குழாய் எங்களுக்கு. மேல்குழாய் சரிவில் இருந்த குடியிருப்புக்கு. தொட்டி பாதிக்குக் கீழே போனால் குடியிருப்பில் தண்ணீர் நின்றுவிடும். எஞ்சினுக்கு மட்டும் மிச்சம் இருக்கும். ஆரம்பத்தில் சரிவில் நாலைந்து குடிசை. பிறகு கப்பலுக்குக் கப்பல் ஆள். மரத்தை வெட்டிய இடமெல்லாம் தகரக் கூரை.

அந்த வருடம் மழை சீக்கிரம் விடைபெற்றது. மாசி கழிந்து பங்குனியும் காய்ந்தது. சுற்றிலும் நீலமாகக் கடல். நாக்கில் வைக்க ஒரு சொட்டு இல்லை. குடியிருப்புக் குழாயில் காலையில் கொஞ்சம் சொட்டும், பிறகு காற்று. ஒருநாள் பெண்கள் குடங்களோடு வந்து எங்கள் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். கூச்சல் இல்லை. காலிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வங்காளிப் பெண்கள் பாபுவைப் பார்த்து அவர் ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னார்கள். அவர் வெகுநேரம் வாசலில் நின்றார். பிறகு தானே மேட்டுக்கு ஏறிப்போய், ஒரு இணைப்புக் குழாயைப் போட்டு, அடிக்குழாயிலிருந்தும் குடியிருப்புக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

"பாபு, அது எஞ்சினோட தண்ணி" என்றேன்.

"எஞ்சினுக்கு வாய் இருக்கா? இதுங்களுக்கு இருக்கு" என்றார் இந்தியில். காதோரம் சொல்லவில்லை, வெளிப்படையாகவே சொன்னார்.

ஒருவர் ஊற்றுகிற தண்ணீரை இன்னொருவர் குடிப்பாரா என்றெல்லாம் மெயின்லேண்டில் சாதிக் கணக்குப் பார்ப்பார்கள். இங்கே அந்தக் கணக்கு கப்பலிலேயே வாந்தியோடு போய்விட்டது. தாகம் என்று வந்தால் யாரும் மறுக்க முடியாது. அதனால் எங்கள் ஊரில்தான் இந்தத் தப்பு நடக்கும். வேறு எங்கே எஞ்சினின் பங்கை எடுத்துக் குடத்தில் ஊற்றுவார்கள்? பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் ஏறுவதும் இறங்குவதும் சரியாகிவிடும் என்று பாபு நினைத்தார். ஓடை வற்றிக்கொண்டிருந்ததை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அதே நாளில் என் மனைவி சரோஜாவுக்குப் பிரசவம். மாதம் முடியாமலே பெண் குழந்தை. எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. அழக்கூடத் தெம்பில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு படாக் மரப்பெட்டி வைத்திருந்தார்கள். அடியில் பல்புகள், மேலே துணி. அதற்குள் வைத்தார்கள். பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் இனத்து நர்ஸ் ஒருவர் இருந்தார், மாயாபந்தர் பக்கத்துப் பெண். "சூடு குறையாம பாத்துக்கணும். குறைஞ்சா கஷ்டம்" என்று மட்டும் சொன்னார். நான் பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அந்தக் கதகதப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். என் பலகையின் இரண்டாவது கைப்பிடியிலிருந்து வருகிறது.

மறுநாள் காலை ஷிஃப்டில் புனலில் தண்ணீர் இளைத்தது. கயிறு நூலாயிற்று, நூல் சொட்டாயிற்று. பாபு எஞ்சினின் விலாவில் கையை வைத்தார். கையை எடுத்தார். "பந்த்" என்றார். நான் மூன்று கைப்பிடியையும் இறக்கினேன். எஞ்சின் மூச்சு விட்டு நின்றது. அந்த அமைதி இருக்கிறதே, அதை நான் விவரிக்க முயன்று பல தடவை தோற்றிருக்கிறேன். ஊரின் அடியிலிருந்து யாரோ பாயை உருவியதுபோல இருந்தது. தூரத்தில் மரம் அறுக்கும் மில்லின் ஊளை இறங்கி இறங்கி அடங்கியது. ஒரு சேவல் கூவியது. அது எப்போதுமே கூவிக்கொண்டிருந்திருக்க வேண்டும், அன்றுதான் கேட்டது.

மேட்டுக்கு ஓடிப் பார்த்தோம். தொட்டி அடியில் சேறு.

பக்கத்தில் இன்னொரு எஞ்சின் இருந்தது, சின்னது, ஆறிக் கிடந்தது. காற்று உருளை நிரம்பி இருந்தது. எண்ணெய் இருந்தது. எல்லாம் இருந்தது. தண்ணீர் இல்லை. கடல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஒருவர் அப்போதே கேட்டார். உப்பைக் குடித்தால் அந்தக் கிழட்டு எஞ்சின் இன்றைக்கு ஓடும், அடுத்த மாதம் ஓடாது, அதன் உறுப்புகள் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும் என்று பாபு சொன்னார். பிறகு என் காதோரம் வந்தார். "ஊரில் தண்ணீர் இருக்கிற இடம் ஒன்றுதான். நேற்று நாம் கொடுத்தோமே, அந்தக் குடங்கள். போய்க் கேள். பம்ப் ஒன்றை மட்டும் ஓட்டுகிற அளவுக்கு வேண்டும்."

குடியிருப்பில் கதீஜா அக்காவிடம்தான் போனேன். ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர். கணவர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தார். சரிவில் சண்டையானாலும் சமாதானமானாலும் அக்காவின் வாசலில்தான் நடக்கும்.

"அக்கா, தண்ணி வேணும்."

"குடிக்கவா தம்பி? வந்து உக்காரும்."

"குடிக்க இல்ல. எஞ்சினுக்கு."

அக்கா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். "நேத்துத்தான் குடுத்தீக. இன்னைக்கு நீங்களே பிடுங்க வாறீகளா? கவர்மெண்டுக்குக் குடுக்க ஒரு கை, எடுக்க ஒரு கையா?"

"ஊத்தினா எஞ்சின் ஓடும். எஞ்சின் ஓடினா பம்ப் ஓடும். பம்ப் ஓடினா தண்ணி வரும்."

"ஓடலைன்னா?"

"ஓடலைன்னா இந்தத் தண்ணியும் போச்சு."

"நல்லாச் சொன்னீரு. யாவாரத்துக்குப் போனா ஒரு நாளு தாங்க மாட்டீரு." பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "அந்த பாபு ஏன் வரல? வாய் வலிக்குதாமா?"

"அவர் வந்தா அவர் பேசறது உங்களுக்குப் புரியாது அக்கா. திட்டறது மட்டும்தான் புரியும்."

அக்காவும் சிரித்துவிட்டார். சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "உம் பொஞ்சாதி ஆஸ்பத்திரியிலதானே கெடக்கு? புள்ளைய பொட்டியில வச்சிருக்கதா சொன்னாகளே. கரண்டு இல்லாம பொட்டி என்னாகும்?"

நான் கையிலிருந்த எண்ணெயைச் சட்டையில் துடைத்தேன்.

"அட அல்லா! அதை மொதல்ல சொல்ல மாட்டீரா மனுசா?" குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டார். "வாங்கடி எல்லாரும். புள்ளைக்கு வெளக்குப் போடணுமாம்."

"அக்கா, பல்பு முதல்ல வராது. பம்ப்தான் முதல்ல. தண்ணி எங்க கைக்கு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி."

அக்கா என்னைப் பார்த்தார்.  "பெத்தவன் பேசுற பேச்சா இது?"

"ஆஸ்பத்திரி லைன்ல அந்த ஒரு பல்பு மட்டும் இல்லக்கா. ஐஸ் ஃபேக்டரி, ஆபீசர் குவார்ட்டர்ஸ் எல்லாம் அதுலதான் தொங்குது. ஒண்ணாப் போட்டா உங்க குடத்துத் தண்ணி கொதிச்சுப்போகும். எஞ்சின் நின்னுரும். அப்புறம் தண்ணியும் இல்ல, பல்பும் இல்ல."

அவருக்கு அது புரிந்ததா, என் முகம் புரிந்ததா, தெரியாது. குடத்தை இறக்கவில்லை. நடந்தார்.

சரிவு முழுக்கக் குடங்கள் ஏறின. பித்தளை, மண், அலுமினியம், மண்ணெண்ணெய் டின். எங்கள் ஆட்கள் கை நீட்டினார்கள். ஒருத்தியும் கொடுக்கவில்லை. தன் தண்ணீரைத் தானே ஊற்றினாள் ஒவ்வொருத்தியும். ஆறிக் கிடந்த எஞ்சினுக்குப் பக்கத்து மேடையில் இருந்த சின்னத் தொட்டியில் ஊற்றிவிட்டு, அது நிரம்புகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். போகவும் இல்லை. வெளியே சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார்கள், காலிக் குடத்தோடு, முதல் நாள் உட்கார்ந்த அதே மாதிரி.

கைப்பம்ப் அடித்தார்கள். "தேல் ஆயா." எண்ணெய் வந்துவிட்டது. சின்னத் தொட்டியின் வால்வைத் திறந்தார்கள். புனலடியில் ராஞ்சிக்காரர் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் வந்தது அவர் முகத்திலேயே தெரிந்தது; ஆனாலும் உள்ளங்கை நனைந்த பிறகுதான் சொன்னார். சக்கரத்தை நெம்பினோம். பாபு காற்றைத் திறந்தார். எஞ்சின் ஒரு முறை திணறியது. இரண்டாவது திணறலில் பிடித்துக்கொண்டது.

வெளியே பெண்கள் எழுந்து நின்றதைச் சன்னல் கண்ணாடி வழியே பார்த்தேன். மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினேன். முதல் கைப்பிடியைப் போட்டேன். பம்ப்.

பம்ப் வீட்டில் இருந்தவர் குஞ்ஞுமோன். எங்களுக்கும் அவருக்கும் நடுவே கையால் சுழற்றும் டெலிபோன், பேட்டரியில் ஓடுவது. பாபு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சல் கயா பாபு!" ஓடுகிறது என்று குஞ்ஞுமோன் கத்தியது எனக்கே கேட்டது.

"பானி?"

தண்ணீர் வரவில்லை.

ஓடை வற்றி, பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கிடந்தது. நின்ற நேரத்தில் குழாய்க்குள் இருந்த தண்ணீர் கீழே இறங்கிப்போயிருந்தது. பம்ப் காற்றைக் கடைந்துகொண்டிருந்தது. நிறுத்தி, மேலே மூடியைத் திறந்து, வாளியால் ஊற்றி நிரப்பி, மறுபடி ஓட்ட வேண்டும். இங்கே எங்கள் சின்னத் தொட்டியில் குடத்துத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இன்னொரு டெலிபோன் மணி அடித்தது. ஆஸ்பத்திரி. பாபு இந்தக் காதில் ஒன்றும் அந்தக் காதில் ஒன்றுமாக வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் பேசியது அந்த நர்ஸ். எஞ்சின் சத்தம் கேட்டிருக்கிறது. விளக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறார். பாபு "தோடா ருக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தார். கொஞ்சம் பொறு. அவ்வளவுதான். என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது கைப்பிடி என் இடுப்புக்கு நேராக இருந்தது. பித்தளை. பல வருடம் நான்தான் துடைத்தேன், என் கை பட்டுப் பட்டே பளபளத்தது. அதைத் தூக்க ஒரு குழந்தையின் பலம் போதும். தூக்கினால் அந்தப் பெட்டிக்குள் வெளிச்சம் வரும், வந்து, எஞ்சின் இருக்கும்வரை இருக்கும். எஞ்சின் எவ்வளவு நேரம் இருக்கும் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தெரிந்திருப்பது ஒரு பாரம். தெரியாதவன் அழுதுவிட்டுப் போவான்; தெரிந்தவன் நிற்க வேண்டும்.

பாக்கு வாசனை வந்தது. "நீ போ. நான் பலகையில் நிற்கிறேன்" என்றார் காதோரம்.

"வேண்டாம் பாபு."

"சரி. அப்படியானால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்."

கட்டிக்கொண்டேன். ஒரு கையால் இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த கையும் என்னுடையதுதான், பிடிபட்ட கையும் என்னுடையதுதான். அப்படி இழுபறியாக நின்ற அந்த நேரம் இன்னும் எனக்குள் எங்கோ முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சின்னத் தொட்டியில் தண்ணீர் அடித்தட்டு தெரிய வந்துவிட்டது. ராஞ்சிக்காரர் புனலடியில் கையை வைத்துப் பார்த்துப் பார்த்துச் சூட்டில் உதறினார். வெளியே கதீஜா அக்கா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்ஞுமோனின் மூச்சு டெலிபோனில் இரைந்தது, வாளி கிணுகிணுத்தது.

பிறகு அவர் குரல். இந்த முறை கத்தவில்லை. அழுகிறாரோ என்று தோன்றியது.

"ஆயா பாபு. பானி ஆயா. ஹாத் மே ஆயா."

கையில் வந்துவிட்டது.

அப்போதும் பாபு தலையசைக்கவில்லை. ஓடைத் தண்ணீர் மேட்டுக்கு ஏறி, அங்கிருந்து எங்களிடம் இறங்கி வர வேண்டும். குடியிருப்புக்குத் தான் போட்ட இணைப்பை மூட ஆள் அனுப்பியிருந்தார். நாங்கள் எல்லோரும் புனலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சொட்டு நூலாயிற்று, நூல் கயிறாயிற்று. ராஞ்சிக்காரர் கையை நீட்டினார். இந்த முறை உதறவில்லை.

"ஆஸ்பத்திரி" என்றார் பாபு.

போட்டேன். எஞ்சின் ஒரு நொடி குனிந்து நிமிர்ந்தது. பஜாரை அவரே போட்டார். என்னைப் பார்த்து "ஜா" என்றார். போ.

அந்த இணைப்புக் குழாய்க்காகப் பிறகு அவரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் விளக்கம் கொடுக்கவில்லை. கட்சால் ரப்பர் தோட்டத்து ஜெனரேட்டருக்கு மாற்றினார்கள். தீவு விட்டுத் தீவு. மறுபடி ஒரு கப்பல். வழியனுப்பப் போனேன். கப்பல் படியில் நின்று என் வலது கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார்.   கையை மூடிக் கொடுத்துவிட்டு ஏறினார்.

எஞ்சின் நின்ற அன்று ஆஸ்பத்திரி மேட்டுக்கு நான் ஓடியதாகச் சொல்வார்கள். எனக்கு நடந்தது போலத்தான் இருக்கிறது.  வார்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைத்தான் பார்த்தேன். பல்புகள் எரிந்தன. பெட்டி காலி.



"இங்க" என்றார் நர்ஸ்.

சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையின் மேல் பொத்தான்கள் திறந்து, உள்ளே தன் உடம்போடு சேர்த்துக் குழந்தையை வைத்து, மேலே கம்பளி சுற்றியிருந்தார். பங்குனி வெயிலில் கம்பளி. வியர்வை அவர் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. கரண்ட் போன நிமிடத்திலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறார். டெலிபோனுக்குக்கூட அப்படியே நடந்து போய் வந்திருக்கிறார். கம்பளியின் விளிம்பை விலக்கிக் காட்டினார். மூக்கு. திராட்சை அளவு. அது விரிந்து சுருங்கியது.

"தூங்கறா. கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார் அவருடைய உடைந்த இந்தியில்.

சரோஜா படுக்கையில் விழித்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். என் சட்டையிலிருந்த எண்ணெயைப் பார்த்தாள்.

"எஞ்சின் சத்தம் அப்பவே கேட்டுச்சு" என்றாள்.

"ஆமா."

"வெளக்கு வரல."

"ஆமா."

"எதை முதல்ல போட்டீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த வார்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. "பம்ப்பை" என்றேன்.

அவள் கூரையைப் பார்த்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் நிழல் அவள் முகத்தில் விழுந்து விழுந்து போயிற்று. அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்க என்னோடு பேசாமல் இருந்துவிடுவாள் என்றுகூட நினைத்தேன். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

"தண்ணி வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு."

"அப்ப போய் ஒரு குடம் பிடிச்சுட்டு வாங்க. காலைலேர்ந்து புள்ளை துணி ஒண்ணும் அலசல. நாறுது."

கட்டிலுக்கு அடியில் குடம் இருந்தது. எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி முற்றத்துக்கு இறங்கினேன். பம்ப்பின் ஏற்றுக்குழாயிலிருந்து நேராகக் கிளை எடுத்த குழாய் அது; இருமிக்கொண்டிருந்தது. காற்றைத் துப்பியது, செம்மண் கலங்கலைத் துப்பியது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. நோயாளிகளின் வீட்டு ஆட்கள் சுற்றி நின்றார்கள். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. நேராகப் போய்க் குழாயடியில் குடத்தை வைத்தேன்.

"ஏ பாய் ஸாப்!" ஒரு பெண் என் குடத்தைக் காலால் நகர்த்தினாள். தெலுங்குக்காரி, இடுப்பில் ஒரு பிள்ளை. "லைன் மே ஆவ். நாங்கல்லாம் காலைலேர்ந்து சும்மாவா நிக்கறோம்?"

"ஆமாமா, பெரிய ஆபீசரு" என்றார் இன்னொருவர் தமிழில். யாரோ சிரித்தார்கள்.

குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வரிசை நீளமாக இருந்தது, மருந்து அறையையும் தாண்டி வேலி வரைக்கும். கடைசியில் நின்றவருக்குப் பின்னால் குடத்தை வைத்துவிட்டு நின்றேன். வரிசை நகர்ந்தது. குடத்தைத் தள்ளி வைத்தேன். மறுபடி நகர்ந்தது.